துவக்குக்கு ஒரு வீடு

அறுபதுகளின் நடுப்பகுதியில் மன்னார்த் தீவின் பேசாலையில் ஒரேயொரு துவக்கு இருந்தது. அது கிறகரியின் வீட்டு விறாந்தைச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய மாமனார் கொன்ஸ்ரன்ரைன் வாங்கிய இரட்டைக்குழல் துவக்கு அது. கோயில் கொடியேற்றத்தன்று வானத்தைப் பார்த்து அதை வெடிக்கவைப்பார். மற்ற நாட்களில் கருவாடு காயும் இடத்துக்குக் கொண்டுபோய்க் காகங்களுக்குக் காட்டுவார். காகங்கள் பயந்ததாகச் சாட்சி இல்லை. மாமனார் கண்மூடிய பிறகு துவக்குக்கு வேலையில்லாமற் போய்விட்டது. கிறகரியின் மனைவி எடித் அதில் குடையைக் கொழுவத் தொடங்கினாள்.

அந்தத் துவக்கு யாருக்கும் ஒரு கெடுதியும் செய்ததில்லை, திரேசம்மா படலையடிக்கு வரும்வரை.

திரேசம்மாவின் ஒரே மகன் லோறன்ஸ் மோட்டர் வள்ளம் ஓட்டுபவன். கிறகரியின் மகள் அன்ரோனெற்றுக்கும் அவனுக்கும் விருப்பம் என்பது பேசாலை முழுவதற்கும் தெரியும். தெரியாதது போல நடித்து இரண்டு வீட்டாரும் களைத்துப்போய், கடைசியில் பேச்சுக்கு இறங்கினார்கள். பெண் பார்க்க என்று திரேசம்மா நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்தார். படலையைத் திறந்தார். விறாந்தையைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"அந்தச் சாமான் இருக்கிற வீட்டுக்குள்ள நான் கால் வைக்கமாட்டன், எடித்."

"அக்கா, அது குடை கொழுவிற சாமான்."

"குடைக்குக் கீழ என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியும்."

அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய புருசன் செபமாலை முசலிப் பக்கம் காட்டுக்குப் போனபோது, கூடப் போன சிநேகிதர் அவரை மான் என்று நினைத்துச் சுட்டுவிட்டார். சுட்டவர் நல்ல மனிதர்; அது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் திரேசம்மாவின் கோபம் ஆறவில்லை. கெட்டவன் சுட்டிருந்தால் அவனைக் கோபித்திருக்கலாம். நல்லவன் சுட்டபடியால் துவக்கைத்தான் கோபிக்க முடிந்தது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது வழக்கம். மகன் போகிற வீட்டுக்குத் தாய் போகமாட்டேன் என்றால் அது கலியாணமா? அன்ரோனெற் அழுதாள். லோறன்ஸ் இரண்டு நாள் வள்ளத்தைத் திருத்துகிறேன் என்று கடற்கரையிலேயே கிடந்தான்.

"துவக்கைத் தொலைச்சுப்போட்டு வந்து கூப்பிடுறன், திரேசம்மாக்கா," என்றார் கிறகரி. "கலியாணத்துக்கு முதல் அது இந்த வீட்டில இராது. இது சத்தியம்."

ஒரு துவக்கைத் தொலைப்பது லேசான வேலை என்று அவர் நினைத்தார்.

நினைப்பதற்குக் காரணமும் இருந்தது. அந்த நேரம் பார்த்து அரசாங்கத்துக்கும் துவக்கின் மேல் கோபம் வந்திருந்தது. தெற்கில் எங்கோ ஒரு கடைக்காரரை யாரோ சுட்டுவிட்டார்கள். பத்திரிகைகள் எழுதின. துவக்கு வேண்டும் என்று பாதிப் பேரும் வேண்டாம் என்று மீதிப் பேரும் கூட்டம் போட்டார்கள். முடிவில் மன்னார் பட்டினத்தில் 'ஆயுத அமைதிக் கந்தோர்' என்று ஒன்று திறக்கப்பட்டது. 'உங்கள் துவக்கை ஒப்படையுங்கள், உயிர்களைக் காப்பாற்றுங்கள்' என்று வாசலில் பெரிய பலகை. கிறகரி அந்தப் பலகையைக் கண்டதும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

துவக்கைப் பாயில் சுற்றிக்கொண்டு போனார். துணைக்கு அதே தீவின் தாராபுரத்துக் காமில் வந்தார். காமில் கருவாட்டு வியாபாரி. கிறகரியின் கருவாட்டை வருடக்கணக்காக வாங்குபவர். கிறகரியின் பகிடிகளுக்குச் சிரிக்கும் ஒரே மனிதர்.

வாசலில் சார்ஜன்ற் நவரத்தினம் நின்றார்.

"பாய்க்குள்ள என்ன?"

"துவக்கு ஐயா. ஒப்படைக்க வந்தனான்."

"லைசன்ஸ்?"

"மாமாவின்ர பேரில இருக்கு."

"அப்ப மாமாவை வரச்சொல்லுங்கோ."

"அவர் மோசம் போயிட்டார் ஐயா."

"அதை அவர் எங்களுக்கு அறிவிக்கேல்லையே," என்றார் சார்ஜன்ற். பிறகு பாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "லைசன்ஸ் இல்லாமல் வீதியால துவக்குக் கொண்டுவந்தது குற்றம். இப்ப திருப்பிக் கொண்டுபோனால் இன்னொரு குற்றம்."

"அப்ப இஞ்சயே வைச்சுக்கொள்ளுங்கோவன்."

"லைசன்ஸ் இல்லாத துவக்கை நாங்கள் வைச்சிருந்தால் அது எங்கட குற்றம்."

மூன்று பேரும் பாயைப் பார்த்தார்கள். சார்ஜன்ற் மோசமான மனிதர் அல்லர். உள்ளே போய்ச் சட்டப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு மலர்ந்த முகத்தோடு வந்தார். துவக்கென்றால் முழுத் துவக்கு. குழல் தனியே போனால் அது இரும்பு. பிடி தனியே போனால் அது பலகை. இரும்போ பலகையோ கொண்டுபோக இலங்கையில் எந்தத் தடையும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே வாகனத்தில் போகக் கூடாது.

கிறகரி இரும்போடு பஸ்ஸில் போனார். காமில் பலகையோடு ரயிலில் வந்தார்.

படலையடியில் நின்றபடியே திரேசம்மா விறாந்தையைப் பார்த்தார். ஒரு மூலையில் குழல், மறு மூலையில் பிடி.

"ரெண்டாக்கிப்போட்டம் அக்கா," என்றார் கிறகரி.

"முந்தி ஒண்டு இருந்தது. இப்ப ரெண்டோ?" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார்.

அடுத்த முறை கிறகரி வெறுங்கையோடு போய், கந்தோரின் அத்தியட்சகர் கதிர்காமுவைச் சந்தித்தார். கதிர்காமு மென்மையாகப் பேசுபவர். எதிரில் இருந்த கதிரையைக் காட்டினார். முழுவதையும் கேட்டார்.

"பிரச்சினை மிகச் சுலபம்," என்றார். "உரிமையாளர்தான் ஒப்படைக்கலாம். நீங்கள் உரிமையாளர் இல்லை. ஆகவே முதலில் உங்கள் பெயரில் லைசன்ஸ் எடுங்கள். துவக்கு எதற்குத் தேவை?"

"தேவையில்லை ஐயா. அதுதான் ஒப்படைக்க..."

"தேவையில்லாதவருக்கு லைசன்ஸ் கொடுத்தால் இந்தக் கந்தோர் எதற்கு?" கதிர்காமுவின் குரலில் உண்மையான துக்கம் இருந்தது. "யோசித்துச் சொல்லுங்கள். காட்டுப்பன்றி?"

"தீவில பண்டி இல்லை ஐயா. கழுதைதான் இருக்கு."

"கழுதை தாக்குமா?"

"பின்னால போனால் உதைக்கும்."

"பின்னால் போகாதீர்கள். உயிருக்கு ஆபத்து? விரோதிகள்?"

கிறகரி நேர்மையாக யோசித்தார். மச்சான் ஒருவரோடு வலைப்பாடு விடயத்தில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது. அதுவும் போன நத்தார்ப் பெருநாளுக்குத் தீர்ந்துவிட்டது.

"விரோதி ஒருத்தரும் இல்லை ஐயா."

"ஒரு விரோதியைத் தேடிக்கொண்டு வாருங்கள்," என்றார் கதிர்காமு கனிவாக. "சார்ஜன்ற் முன்னிலையில் ஒரு மிரட்டல். பதிவு செய்தால் லைசன்ஸ். லைசன்ஸ் வந்தால் ஒப்படைப்பு. மகளின் கலியாணத்துக்கு எனது முற்கூட்டிய வாழ்த்துகள்."

அன்று பின்னேரம் கிறகரி தாராபுரத்துக்குப் போய், பிளேன்ரீ குடித்து முடித்த பிறகு விடயத்தைச் சொன்னார்.

"நானா, நீங்கள்தான் எனக்கு விரோதியாய் நிக்கவேணும்."

காமில் உடனே சம்மதித்தார். அவர் எந்த உதவிக்கும் மறுத்ததில்லை. "எப்ப வரவேணும்? விடியச் சாமான் ஏத்திப்போட்டு வந்தால் சரியா?"

அவருடைய மனைவி றஹீமா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "கிறகரி அண்ணன், இவருக்கு என்னையே ஏசத் தெரியாது. நீங்க வேற ஆளைப் பாருங்க."

றஹீமா சொன்னது சரியென்று மறுநாள் தெரிந்தது. சார்ஜன்ற் பேனையோடு காத்திருந்தார். காமில் தொண்டையைச் செருமினார்.

"கிறகரி..." என்றார். "கிறகரி, நீங்க சாப்பிட்டீங்களா?"

"சுகம் விசாரிக்கக் கூடாது," என்றார் சார்ஜன்ற். "மிரட்டுங்கோ."

"இனிமே உங்கட கருவாட்டை நான் வாங்கமாட்டன்!"

"அது வியாபாரம். இந்தப் பிரிவுக்குள்ள வராது."

காமிலுக்கு வியர்த்தது. "இவருக்கு நான் என்ன செய்வன் எண்டு சொல்லவேணும்?"

"உங்கட விருப்பம். நான் சொல்லித்தரக் கூடாது. ஆனால் 'கையைக் காலை முறிப்பன்' எண்டு கனபேர் சொல்லுறவை."

காமில் கண்களை மூடிக்கொண்டார். "அல்லாஹ் மன்னிப்பானாக. கையை முறிப்பன்." பிறகு கண்ணைத் திறந்து கிறகரியைப் பார்த்தார். "காலை வேணாம், கிறகரிக்கு ஏற்கெனவே முழங்கால் நோ."

மிரட்டல் பதிவானது. கந்தோரில் அன்று தேநீரோடு கேக்கும் கொடுத்தார்கள்.

கேக்குக்குக் காரணம் 'துவக்கு ஒழிப்பு வார' நிறைவுக் கூட்டத்தில் விளங்கியது. துவக்கு உரிமைச் சங்கத் தலைவரும் துவக்கு ஒழிப்புச் சங்கத் தலைவரும் கொழும்பிலிருந்து ஒரே காரில் வந்திருந்தார்கள். இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். கிறகரியையும் காமிலையும் மேடைக்கு முன் வரிசையில் அருகருகே இருத்தினார்கள்.

உரிமைச் சங்கத் தலைவர் முதலில் எழுந்தார். "இந்த அப்பாவி மனிதரைப் பாருங்கள்! இவரிடம் முழுத் துவக்கு இருந்திருந்தால் அந்த முரடர் மிரட்டத் துணிந்திருப்பாரா? இருவரிடமும் துவக்கு இருந்தால் இருவரும் எவ்வளவு மரியாதையாகப் பழகுவார்கள்!"

முரடர் கிறகரிக்கு விசிறி எடுத்துக் கொடுத்தார்.

ஒழிப்புச் சங்கத் தலைவர் எழுந்தார். "இவரிடம் அரைத் துவக்கு இருந்தபடியால்தான் மிரட்டலே வந்தது. துவக்குகளை ஒழிக்கும்வரை நாம் ஓயமாட்டோம். ஒழித்த பிறகு எமது சங்கத்தின் நிலை என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அந்த ஆபத்து அண்மையில் இல்லை என்று உறுதி கூறுகிறேன்."

இருவருக்கும் சமமான கைதட்டல் கிடைத்தது. கடைசியாகக் கதிர்காமு பேசினார்.

"பெரியோர்களே, எமது கந்தோர் திறக்கப்படுவதற்கு முன் இந்தத் தீவில் மிரட்டல் பற்றிய பதிவு ஒன்றுகூட இருக்கவில்லை. இன்று இருக்கிறது. இது எமது உழைப்பின் பலன். ஆனாலும் ஒரு வெட்கத்தை உங்களிடம் மறைக்கமாட்டேன். ஒப்படைக்கப்பட்ட துவக்குகளில் நாட்டிலேயே நாம் கடைசி இடம். ஏன்? மக்களிடம் துவக்கு இல்லை. ஒப்படைக்க ஒன்றும் இல்லாத மக்களை வைத்துக்கொண்டு நாம் எப்படி அமைதியை உண்டாக்குவது? ஆகவே தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் முதலில் ஒரு துவக்கு. பிறகு அதை ஒப்படைக்கும் பாக்கியம். திருவாளர் காமில் அவர்களுக்கும் ஒன்று சிபாரிசு செய்திருக்கிறோம். அவருடைய விரோதி விரைவில் துவக்கு உரிமையாளராகிறார் அல்லவா?"

"எனக்கு வேணாம்," என்று காமில் எழுந்து சொன்னார். "வீட்டில விடமாட்டாங்க."

"வீட்டிலும் விரோதி!" என்று உரிமைச் சங்கத் தலைவர் குறித்துக்கொண்டார்.

லைசன்ஸுக்கு இன்னும் ஒரு படி இருந்தது. துவக்கு கிறகரியின் பெயருக்கு மாறுவதில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று மூன்று வாரம் பொது இடத்தில் அறிவிக்க வேண்டும். கிறகரிக்கு அன்றுதான் கந்தோரின் வேலைகளில் ஒன்று விளங்கியது. பேசாலையில் தடை உண்டா என்று ஊரைக் கேட்பதற்கு ஒரே முறைதான் இருக்கிறது: மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசிப்பது. அன்ரோனெற்றின் கலியாண அறிவித்தலும் அந்த ஞாயிறு தொடங்க இருந்தது. துவக்கின் அறிவித்தலையும் அவர் சுவாமியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"இதைக் கோயிலில வாசிக்கிறதோ, கிறகரி?"

"வேற எங்க சுவாமி தடை கேக்கிறது?"

சுவாமியார் கடுதாசியை வாங்கிக்கொண்டார். ஞாயிறு பூசையில் வாசித்தார். லோறன்ஸுக்கும் அன்ரோனெற்றுக்கும் கலியாணம். மேலும் இரட்டைக்குழல் துவக்கொன்று கிறகரிக்கு. தடை அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். முதல் ஞாயிறு சிலர் சிரித்தார்கள். இரண்டாம் ஞாயிறு பழகிவிட்டது. லைசன்ஸ் கையில் கிடைத்த அன்றே துவக்குப் போய்விடும் என்று கிறகரி சொல்லியிருந்தபடியால் திரேசம்மா தடை சொல்லாமல் செபமணிகளை உருட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் ஞாயிறுக்கு முதல் நாள் கந்தோரிலிருந்து ஆள் வந்தது. லைசன்ஸ் ஆயத்தமாகிறது, நிபந்தனை ஒன்றுதான். புது உரிமையாளர் துவக்கை ஒரு வருடமாவது வீட்டில் வைத்திருக்க வேண்டும். எடுத்த கையோடு ஒப்படைத்தால், தேவையில்லாதவருக்குக் கந்தோர் லைசன்ஸ் கொடுத்ததாக ஆகிவிடும்.

எடித் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். "கலியாணம் வாற மாதம். ஒரு வருசமோ?"

கிறகரி போய்த் திரேசம்மாவிடம் உண்மையைச் சொன்னார். வாசலில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். திரேசம்மா ஏசவில்லை. "நீ என்ன செய்வாய், தம்பி," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஏசியிருந்தால் கிறகரிக்கு அன்று நித்திரை வந்திருக்கும்.

மறுநாள் பூசையில் சுவாமியார் அறிவித்தலை வாசித்து முடித்து, "தடை அறிந்தவர்கள்..." என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து திரேசம்மா எழுந்தார்.

"சுவாமி, எனக்குத் தடை இருக்கு."

கோயிலில் கைக்குழந்தைகள்கூட அழுகையை நிறுத்தின. அந்தக் கோயிலில் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொன்னதாக ஒருவருக்கும் நினைவில்லை. அன்ரோனெற் முக்காட்டை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டாள். ஆண்கள் பக்கத்தில் லோறன்ஸ் எழுந்து நின்றான். "அம்மா!"

"நீ இரடா," என்றார் திரேசம்மா. "சுவாமி, பிள்ளையள் ரெண்டு பேரிலும் எனக்கு ஒரு தடையும் இல்லை. தங்கமான பிள்ளையள். அந்த மூண்டாவதுக்குத்தான் தடை."

சுவாமியார் கடுதாசியைப் புரட்டிப் பார்த்தார். நெடுநேரம் மூச்சைப் பிடித்திருந்தவர் போல ஒரு பெருமூச்சு விட்டார். "அது எங்கட அதிகாரத்தில இல்லை, அம்மா. ஆனால் எழுதி அனுப்புறன்."

ஆட்சேபம் கிடைத்ததும் கதிர்காமு நேரிலேயே ஜீப்பில் வந்து இறங்கினார். கந்தோரின் சரித்திரத்தில் அதுதான் முதல் ஆட்சேபம். அவர் முகத்தில் தகப்பனான மனிதனின் களை இருந்தது. அன்று கிறகரியின் முற்றத்தில் ஊரே கூடியது. திரேசம்மா படலைக்கு வெளியே நின்றார்.

"ஆட்சேபம் தீரும்வரை," என்று கதிர்காமு வாசித்தார், "சம்பந்தப்பட்ட துவக்கு விண்ணப்பகாரரின் வீட்டில் இருக்கக் கூடாது."

"அப்பாடா!" என்றாள் எடித். கிறகரி ஓடிப்போய்க் குழலையும் பிடியையும் எடுத்துவந்தார். "கொண்டுபோங்கோ ஐயா!"

"கந்தோருக்கா? அது அமைதிக் கந்தோர். அங்கே துவக்கு வைக்கலாமா?" கதிர்காமு புன்னகை செய்தார். "விதி மிகவும் தெளிவானது. இந்தத் துவக்கு தவறான கைக்குப் போகக் கூடாது என்று இந்தத் தீவில் அதிகம் கவலைப்படுபவர் யார்? ஆட்சேபித்தவர். ஆகவே விசாரணை முடியும்வரை துவக்கு அவருடைய வீட்டில், அவருடைய காவலில் இருக்கும். விசாரணைத் திகதியைக் கொழும்பு அறிவிக்கும்."

சார்ஜன்ற் நவரத்தினம் அரசாங்கத்தின் பெயரால் குழலையும் பிடியையும் பொருத்தினார். கொண்டுபோய்த் திரேசம்மாவின் வீட்டு மண்டபத்தில், அவருடைய புருசன் செபமாலையின் படத்துக்கு எதிர்ச் சுவரில் மாட்டி, அரக்கு முத்திரை வைத்தார். தொடக் கூடாது, கழற்றக் கூடாது, இடம் மாற்றக் கூடாது என்றார். சொல்லும்போது அவருக்கே முகம் சரியில்லை. "மன்னியுங்கோ அம்மா," என்றும் சொன்னார்.

லோறன்ஸ் கொதித்தான். "அதைக் கடலுக்குள்ள எறியிறன்!"

"எறிஞ்சால் உன்னைப் பிடிச்சு அடைப்பாங்கள். கலியாணத்துக்கு மாப்பிள்ளை வேணும்," என்றார் திரேசம்மா.

அவர் வாசலில் நின்று துவக்கைப் பார்த்தார். எதிரே இருந்த படத்தையும் பார்த்தார். பிறகு படத்தைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துத் தகரப் பெட்டிக்குள் வைத்தார். அந்தோனியார் சுரூபத்தை வைத்தார். மாற்றுச் சேலைகளை வைத்தார். பெட்டியை மகனின் தலையில் ஏற்றிவிட்டு, அடைக்கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குடையையும் எடுத்துக்கொண்டு நடந்தார். சார்ஜன்றும் என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் நடந்தார்.

கிறகரியின் படலையடியில் நின்றார்.

"எடித், இந்த வீட்டில துவக்கு இருக்கோ?"

எடித் விறாந்தைச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். ஆணி மட்டும் இருந்தது. "இல்லை அக்கா."

"துண்டு, துணுக்கெண்டு ஏதும்?"

"ஒண்டும் இல்லை அக்கா."

"அப்ப நான் வாறன்," என்று சொல்லிக்கொண்டு திரேசம்மா வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். அன்ரோனெற் ஓடிவந்து கோழியை வாங்கிக்கொண்டாள். குடையை எங்கே வைப்பது என்று பார்த்து, திரேசம்மா தானே அதை அந்த ஆணியில் கொழுவினார்.

கலியாணம் குறித்த நாளில் நடந்தது. விரோதியின் வீட்டிலிருந்து இரண்டு சட்டி வட்டிலப்பம் வந்தது. ஆயுத அமைதிக் கந்தோர் வருட முடிவில் எழுதிய அறிக்கையில், பேசாலையின் துவக்கு ஆளில்லாத வீடொன்றில் தனியே குடியிருத்தப்பட்டதாகவும், அதனால் ஆபத்து முற்றாக நீங்கியதாகவும், நாட்டிலுள்ள ஒவ்வொரு துவக்குக்கும் இவ்வாறு ஒரு வீடு வழங்கலாம் என்றும் சிபாரிசு செய்யப்பட்டிருந்தது.

கொழும்பு உண்மையிலேயே விசாரணைத் திகதி அறிவித்தது. அப்போது அன்ரோனெற்றின் மூத்தவன் தவழத் தொடங்கியிருந்தான். நிபந்தனை வருடமும் முடிந்துவிட்டது. விசாரணைக்குப் போய் ஒரு கையெழுத்து வைத்தால் துவக்கைக் கந்தோரே ஏற்றுக்கொள்ளும், உங்கள் வீடு உங்களுக்கு என்று கதிர்காமு அன்போடு எழுதியிருந்தார். கடிதத்தை அன்ரோனெற் உரக்க வாசித்தாள். திரேசம்மா முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். பேரன் அவருடைய சேலையைப் பிடித்து எழும்ப முயன்றுகொண்டிருந்தான்.

"அப்ப துவக்குப் போயிடும், மாமி. நீங்கள் இனி உங்கட வீட்டுக்குப் போகலாம்," என்றாள் அன்ரோனெற், தன் விருப்பத்தை முகத்தில் காட்டாமல்.

திரேசம்மா கடைசிக் கருவாட்டையும் புரட்டினார். பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். துளியும் இருமல் இல்லாத தொண்டையை ஒருமுறை இருமினார்.

"பதில் எழுது பிள்ளை," என்றார். "எனக்குச் சுகமில்லை, இந்த முறை வர ஏலாது எண்டு எழுது. ஆனால் ஆட்சேபம் அப்பிடியே இருக்கு எண்டும் எழுது."